பெரும்பாலும் ரத்து செய்யும்

எங்கள் அலுவலகத்தில் துருவி என்றொரு மென்பொருள் இருக்கிறது. சர்வர்களுக்கான சோதனைகளை அதுவே எழுதி, அதுவே நடத்திப் பார்க்கும். துருவித் துருவிக் கேட்பதால் அந்தப் பெயர். அதற்குக் கையேடு எழுதுவது என் வேலை, தற்காலிக வேலை. “வெள்ளிக்கிழமை எல்லாச் சோதனையும் தேறி, திரையில பச்சையா இருந்தா கையேடு வெளிய போகும். அது போனா உங்க வேலை நிரந்தரம்” என்று மேலாளர் மேடம் சொல்லியிருந்தார்.

கையேட்டில் உதாரணமாக எடுத்துக்கொண்டது, வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த சர்வர். அதை மனிதர்கள் நேராகக் கூப்பிடுவதில்லை. அவர்கள் போனில் இருக்கும், சொன்ன வேலையை முடித்துத்தரும் ஏஐ ஏஜென்ட் கூப்பிடும். ஆளை அனுப்புவேன், நேரத்தை மாற்றுவேன், ரத்து செய்வேன் என்று சர்வர் தன்னால் முடிந்ததை ஏஜென்ட்டிடம் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அந்த வரிகளும் நான் எழுதியவைதான். துருவி அவற்றைப் படித்துத்தான் சோதனைகளை உருவாக்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். எழுதினேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

நான் எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். சரிபார்த்த பிறகும் நம்ப மாட்டேன். ‘ரத்து செய்யும்’ என்று எழுதக் கை வராது. ‘பெரும்பாலும் ரத்து செய்யும்’ என்று எழுதினால்தான் மனம் ஆறும்.

புதன்கிழமை மாலை, நான் போகும் எழுத்துப் பயிற்சி வகுப்பில் வாத்தியார் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இது கையேடா, ஜோசியமா? பெரும்பாலும், அநேகமா, பொதுவா... பரிகாரம் ஒண்ணுதான் பாக்கி.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வியாழன் காலை முதல் வேலையாக அந்தச் சொற்களையெல்லாம் களையெடுத்துவிட்டு, துருவியை ஓடவிட்டு, காபி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது என் நாற்காலியில் பச்சை அண்ணன் உட்கார்ந்திருந்தார். அந்த சர்வரை எழுதிய புரோகிராமர். திரையில் பச்சையைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

“என்னம்மா பண்ண? நேத்து தோட்டம் மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு மிளகாய் காயப்போட்ட மாதிரி இருக்கு!”

“சில சொல்லை எடுத்தேண்ணா. வேற ஒண்ணும் தொடல.”

இருவரும் பழைய சோதனையைத் திறந்து பார்த்தோம். ரத்து செய்யும் வேலையைப் பத்து முறை ஏவி, அதில் ஆறு பலித்தாலே ‘தேறியது’ என்று எழுதி வைத்திருந்தது துருவி. என் ‘பெரும்பாலும்’ அதற்கு வேதவாக்கு. இப்போது அந்தச் சொல் இல்லை. பத்துக்குப் பத்து கேட்கிறது.

“எங்க தவறுதுன்னு தெரியல. தேட நேரமும் இல்ல” என்றார் பச்சை அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டுடு. உனக்கு வேலை, எனக்கு நிம்மதி.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசனை தவிர வேறெதுவும் எனக்கு வராது.

மாலையில் வீடு திரும்பினால், வாசலில் கருவிப் பையோடு ஒருவர், சட்டையில் அதே பழுதுபார்க்கும் நிறுவனத்தின் பெயர். எதிரே அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“கேன்சல் பண்ணிட்டோமே, எதுக்கு வந்தீங்க?”

“எனக்கு அப்படி ஒண்ணும் வரலையேக்கா. இதுக்கு முன்னாடி போன வீட்லயும் இதே கதை. அங்க கதவைக்கூடத் திறக்கல. பஸ்ல போறதும் வர்றதுமா என் பொழப்பு ஓடுது.”

காலையில் வாஷிங் மெஷின் நின்றுபோயிருக்கிறது. மாமா போனிடம் ஆளைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். உடனே ரோஷம் வந்து, நானே பார்க்கிறேன் என்று ரத்து செய்யவும் சொல்லியிருக்கிறார்.

“சரியாத்தான் இருக்கு. ஓடுது” என்றார் மாமா உள்ளிருந்து.

“ஓடுது. சமையல்கட்டுலேர்ந்து ஹாலுக்கு ஓடுது” என்றாள் அக்கா.

பழுதுபார்ப்பவர் மாமாவின் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார். “அந்த ஸ்க்ரூ எல்லாம் எதுலேர்ந்து வந்துச்சு சார்?”

“அது... எக்ஸ்ட்ரா.”

“வந்தது வந்தேன், எக்ஸ்ட்ராவை மாட்டிட்டுப் போறேன்.”

“மாமா, எப்பக் கேன்சல் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“புக் பண்ண கையோட. ஏன், அதுவும் தப்பா?”

மறுநாள் காலை இதைச் சொன்னதும் பச்சை அண்ணன் தலையில் கை வைத்தார். சர்வர் பதிவை எழுதி முடிப்பதற்குள் ரத்து வந்துவிடுகிறது. இல்லாத பதிவை ரத்து செய்துவிட்டு சர்வர் சந்தோஷமாக ‘ஆச்சு’ என்கிறது. பதிவு அதற்குப் பிறகு ஏறி, ஆளும் கிளம்பிவிடுகிறார்.

“திங்கட்கிழமைதான் சரிபண்ண முடியும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அந்தச் சொல்லைப் போடும்மா.”

அந்தத் திறக்காத கதவு நினைவுக்கு வந்தது. மேடத்தின் அறைக்குப் போனேன்.

“எல்லாம் பச்சைதானே?”

“இல்ல மேடம். சிவப்பு.”

“அநேகமா சிவப்பா?” என் பழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது.

“சிவப்பு மேடம்.” நடந்ததைச் சொன்னேன். என் ‘பெரும்பாலும்’ செய்த வேலையையும் சேர்த்து.

“அப்போ கையேடு இன்னைக்குப் போகாது.”

“போகாது.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, மேசையில் இருந்த என் செடியை யாருக்குக் கொடுப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

“திங்கட்கிழமை அவர் சரிபண்ணட்டும். பிறகு வெளியிடலாம். உங்க வேலை பெரும்பாலும் நிரந்தரம்தான், பயப்படாதீங்க.”

நன்றி சொல்லிவிட்டுக் கதவுவரை போனவள் திரும்பினேன்.

“மேடம், அந்தப் ‘பெரும்பாலும்’... அதை எடுத்துட்டுச் சொல்ல முடியுமா? அப்படியே விட்டா, நான் பத்து நாள்ல ஆறு நாள் வந்தாப் போதும்னு துருவி எழுதிடும்.”

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். “நிரந்தரம். போதுமா? போய்க் கையேட்டுல இந்தக் கதையைச் சேருங்க.”

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ‘நீங்கள் எழுதுவதைத் துருவி அப்படியே நம்பும்’ என்று தட்டினேன். அந்த வரியின் முன்னால் ஒரு சொல்லைப் போட விரல் துடித்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.