நான்கு கிரெடிட்

கணிதமும் வணிக மேலாண்மையும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்றை எங்கள் கல்லூரியில் தொடங்கியபோது, அதற்கு விதிக் கையேடு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படித்தான் எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேன். உள்ளூர எனக்குப் பரம திருப்தி. பதினெட்டு வருஷமாகக் கணிதம் நடத்துகிறவளுக்கு, யார் எந்தத் தாளை எப்போது படிக்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் அடிக்கடி கிடைக்காது. பட்டத்துக்கு மொத்தம் நூற்று நாற்பது கிரெடிட். கணிதத்தில் இத்தனை, வணிகத்தில் இத்தனை, விருப்பத் தாள் இத்தனை என்று இருபத்திரண்டு விதிகள் எழுதினேன். வணிகத் துறை ராஜாராம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேசாம இத பெருமாள் கோயில் சுவத்துல வெட்டிடலாம் மேடம்" என்றார். உத்திரமேரூர்க்காரர்களுக்கு அந்தக் கேலி புரியும். ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது விதி என் செல்ல விதி. ஒரே பாடம் இரண்டு துறையிலும் வேறு வேறு பெயரில் இருந்தால், ஒன்றுக்குத்தான் கிரெடிட். எங்களிடம் புள்ளியியல் படித்துவிட்டு, அதையே வணிகத் துறையில் வணிகப் புள்ளியியல் என்று இன்னொரு தடவை படித்து மார்க் அள்ளுகிற சாமர்த்தியசாலிகளுக்காக வைத்தது.

அதில் முதலில் மாட்டியவள் சோபியா. சாமர்த்தியசாலி இல்லை, வகுப்பிலேயே முதல் மாணவி. மாகறல் பெண். அவள் அப்பா சாமுவேல் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருந்தது. பட்டம் முடித்ததற்கான சான்றிதழை ஜூன் இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஜூன் பதினெட்டாம் தேதி தேர்வுப் பிரிவிலிருந்து எனக்குக் குறிப்பு வந்தது. வணிகப் புள்ளியியல் செல்லாது. நூற்று முப்பத்தாறு கிரெடிட்தான். பட்டம் இல்லை.

மறுநாள் மதியம் கூப்பிட்டுச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்த செமஸ்டர்ல அதுக்குப் பதிலா செயலாய்வுத் தாள் எடுத்திருக்கலாமே. ஏன் எடுக்கல?"

"அது மூணரை மணிக்கு கிளாஸ் மேடம். எங்க பஸ்ஸு மூணு நாப்பதுக்கு. அத வுட்டா ஆறரைக்குத்தான். எங்க ரூட்டுல யாருமே அத எடுக்கல."

இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தாளின் பெயரைப் பார்ப்பதில்லை, மணியைத்தான் பார்ப்பார்கள். கல்லூரி முழுக்கத் தெரியும். தெரிந்தும் செயலாய்வை மூன்றரைக்கே வைத்திருந்தோம்.

"நவம்பர்ல வேற தாள் எழுதிக்கலாம்" என்றேன்.

அவள் பையிலிருந்து கையேட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. என் கையேட்டை இப்படிப் படித்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

"பதினாலாவது ரூல்ல ஒண்ணு போட்டிருக்குது மேடம். அத நீங்க செய்யணும்னு சொல்லல. கீதுன்னு சொன்னேன்."

இருந்தது. நானே எழுதியதுதான். செல்லாத தாளை எடுக்க ஒரு மாணவரைத் துறையே தவறாக அனுமதித்திருந்தால், தவறு செய்தவர் யார், என்ன தவறு என்று எழுதி, உண்மைதான் என்று மாணவரும் கையெழுத்துப் போட்டால், தாள் செல்லும். அந்தக் கடிதம் தவறு செய்தவரின் பணிக் கோப்பில் சேரும். ராஜாராம் என்றைக்காவது சொதப்புவார், அப்போது உதவும் என்றுதான் இதைச் சேர்த்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது.

சொதப்பியது நான். போன வருஷம் மாணவர்கள் தாள்களைத் தேர்ந்தெடுத்துப் படிவம் கொடுத்த அன்று திருப்புட்குழியில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ஒருங்கிணைப்பாளர், அதாவது நான், மாணவரை நேரில் பார்த்து, தாள்களைச் சரிபார்த்து, அப்புறம்தான் கையெழுத்து என்பது மூன்றாவது விதி. முதல் நாள் சாயங்காலமே நாற்பத்தாறு வெற்றுப் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டு, துறை உதவியாளர் வேதகிரியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். எல்லாத் துறையிலும் நடப்பதுதான். ஆனால் துணை முதல்வர் பதவிக்கு அடுத்த வாரம் நேர்காணல். போட்டி எனக்கும் ராஜாராமுக்கும். இந்த வாரம் என் கோப்பில் அப்படியொரு கடிதம் சேர்ந்தால், நேர்காணலுக்கு நான் புடவையை இஸ்திரி போட வேண்டியதே இல்லை.

சோபியாவை வெளியே உட்காரச் சொன்னேன். அரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேதகிரி டீயோடு வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"இதுக்குப் போயி இன்னா மேடம் மண்டைய ஒடச்சிக்கினு கீறீங்க? எம்பேரப் போட்டுடுங்க. செக் பண்ணாம ஃபாரத்த வாங்கிக்கினான்னு எழுதுங்க. ரெண்டு வருசத்துல ரிட்டயர்டு. எனக்கு இன்னா, துணை முதல்வர் போஸ்டா குடுக்கப் போறாங்க? அந்தப் பொண்ணு பேஜாராயிடக் கூடாது, அவ்ளோதான்."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "வேண்டாம் வேதகிரி" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. பத்து நிமிஷத்தில் கடிதம் தயார். வேதகிரி கண்ணாடியைக்கூடப் போடாமல், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சோபியாவைக் கூப்பிட்டு நீட்டினேன். நின்றபடியே படித்தாள். பேனாவை எடுக்கவில்லை.

"மேடம், இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்?"

"வேதகிரி சார் அன்னிக்கு ஃபாரத்தப் பாத்துட்டு சொன்னாரு மேடம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரெண்டு வாட்டி வர்ற மாதிரி கீதே, மேடம் வந்ததும் கேட்டுட்டு குடும்மான்னாரு. நாந்தான் கேக்கல. மேடமே கையெழுத்து போட்டுட்டாங்களே, அப்ப செரியாத்தான் இருக்கும்னு குடுத்துட்டேன்."

வேதகிரி இதை என்னிடம் சொல்லவே இல்லை. அன்றும் சொல்லவில்லை, இன்று பெயரைக் கொடுத்தபோதும் சொல்லவில்லை.

"நாளைக்குள்ள சர்டிபிகேட் போகலன்னா சென்னை இடம் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். நவம்பர்லயே எழுதிக்கிறேன். அடுத்த வருசம் அப்ளை பண்றேன்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். கடிதத்தை மேஜைமேல் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உட்காரு" என்றேன்.

கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வெள்ளைத் தாள் எடுத்துக் கையால் எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீவித்யா ஆகிய நான், மூன்றாவது விதிக்கு மாறாக, எந்த மாணவரையும் பார்க்காமல் நாற்பத்தாறு வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டேன். மாணவி சோபியா வணிகப் புள்ளியியலை எடுத்தது என் கையெழுத்தை நம்பித்தான். துறை உதவியாளர் திரு. வேதகிரி இதைக் கவனித்து அன்றே அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி வரியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடினேன். பழைய கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

சோபியா இதையும் முழுசாகப் படித்தாள். இந்தத் தடவை என் கையெழுத்து இருக்கிறதே என்று நம்பிவிடவில்லை. முதல் வரிக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து.

"பஸ்ஸு மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நன்றி சொல்லவில்லை. நன்றி சொல்லும்படி நானும் எதுவும் செய்துவிடவில்லை.