சுருள்முடிக் குட்டியின் எச்சில்

ஆராய்ச்சிக்காரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்காரி என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பூனைக்கு முடி ஏன் சுருளுகிறது என்று கண்டுபிடிக்க ஒருத்திக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால், உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அக்கா மட்டும் கிண்டல் செய்யாமல், ஆய்வுக்கென்று தன் வீட்டிலேயே பூனை வளர்த்து, குட்டி போடவைத்துக் கொடுத்தாள். அக்கா வீட்டுக்காரர் அன்றிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறார்.

மரபணுக்கள் நீளமான இழைகளில் வரிசையாக இருக்கும். சுருள் முடிக்கான மரபணு எந்த இழையில், எந்த இடத்தில் என்று வரைபடம் போடுவதுதான் இவள் வேலை. தெருவைக் கண்டுபிடித்துவிட்டாள், வீடுதான் அகப்படவில்லை. அந்த நிலையிலேயே வருஷக்கணக்காக அல்லாடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்கா வீட்டில் சுருட்டை என்ற குட்டி பிறந்தது. முடி சுருள, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக அதே மரபணு இரண்டு பிரதி வந்திருக்க வேண்டும். அதனால் மற்றச் சுருள்முடிக் குட்டிகளுக்கெல்லாம் அந்தத் தெரு முழுக்க இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. சுருட்டைக்கு மட்டும் இடது பாதியில் இரண்டும் வேறு வேறு. அப்படியானால் தேடுகிற வீடு அங்கே இல்லை, வலது பாதியில்தான். அங்கே முடி வளர்ச்சியோடு தொடர்புள்ள மரபணு ஒன்றும் வாகாக இருந்தது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். கட்டுரையை எழுதி முடித்தார்கள். அது வெளிவந்தால்தான் அடுத்த வருஷமும் இவளுக்கு இங்கே நாற்காலி.

நாளை மாலை அனுப்ப வேண்டிய கட்டுரையைத் திறந்து வைத்திருந்தபோது அக்கா போன் செய்தாள். ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போகிற போக்கில் சொன்னாள்.

"உன் சுருட்டை இவ்வளவு வளந்தும் இன்னும் அம்மாகிட்ட பால் குடிக்கிறத விடல. அதுவும் நல்லதுக்குத்தான். அன்னைக்கு அது குடிச்சிட்டிருந்ததாலதான் உன் குச்சிய வாய்க்குள்ள விட முடிஞ்சுது."

"பால் குடிக்கும்போதா எடுத்த?"

"நீதானே அசையாம இருக்கும்போது எடுன்னு சொன்ன. வேற எப்ப அது அசையாம இருக்கு?"

ஆராய்ச்சிக்காரி திறந்திருந்த கட்டுரையை மூடினாள். மரபணு பார்க்க, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்துச் செல்களை எடுப்பதுதான் முறை. பால் குடிக்கிற குட்டியின் வாயில் தாயின் செல்களும் அல்லவா கிடக்கும்? தாய்க்கு நேர்முடி. இடது பாதியில் அதற்குத்தான் இரண்டு பிரதியும் வேறு வேறு. வலது பாதியில் இவர்கள் பார்க்கிற அடையாளப் புள்ளிகள் மட்டும் தற்செயலாக ஒன்றுபோல இருப்பதால் அங்கே கலப்படம் கண்ணில் படாமல் போயிருக்கும். இவ்வளவு நாளாகச் சுருட்டை என்று நினைத்து அதன் அம்மாவைத்தான் படித்துக்கொண்டிருந்தாளோ?

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்படி ஒவ்வொண்ணையும் சந்தேகப்பட்டா எந்தக் கட்டுரையும் வெளிய போகாதும்மா."

"ஒரே ஒரு குட்டிய நம்பித்தானே சார் எழுதியிருக்கோம். நானே போய் இன்னொரு தடவ எடுத்துட்டு வரேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகாதே என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்கா வீட்டில் சுருட்டையைத் தூக்கிக் குளியலறையில் போட்டு, தண்ணீர் மட்டும் வைத்துக் கதவைச் சாத்தினாள். வாய் சுத்தமாக ஒரு மணி நேரமாவது தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். உள்ளே குட்டி கத்துகிறது. வெளியே தாய் கதவைப் பிறாண்டுகிறது. இவள் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அக்கா வைத்த காபி ஆடை கட்டிப்போயிற்று.

"பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன் தெரியுமா," என்றாள் அக்கா. "எங்க குட்டிய வச்சுத்தான் என் தங்கச்சி கண்டுபிடிச்சான்னு."

"உன்னை யாருக்கா சொல்லச் சொன்னா?"

குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அக்கா முகம் சுண்டிப்போனது.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லக்கா. சும்மா, இன்னொரு தடவ பாக்கலாம்னு."

பொய் சொன்னது அவளுக்கே கசந்தது. அதற்கு மேல் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போய்க் குச்சியை எடுத்தாள். சுருட்டை அவள் கையில் இரண்டு கோடு போட்டது.

மறுநாள் ஆய்வகத்தில் இயந்திரம் ஓடி முடிக்கிறவரை எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தாள். முடிவு திரையில் வந்தது. தெருவின் இடது கோடி முதல் வலது கோடி வரை இரண்டு பிரதியும் ஒன்றே. மற்றச் சுருள்முடிக் குட்டிகளைப் போலத்தான் சுருட்டையும். வீடு எந்தப் பாதியில் என்று அதற்கும் தெரியாது.

பேராசிரியர் திரையை வெகுநேரம் பார்த்தார். "கட்டுரைய நிறுத்திடு," என்றார். வேலை நீளுமா என்று அவள் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறுமுனையில் அக்கா வீட்டுக்காரர் தும்மினார்.

"அப்ப நம்ம குட்டி ஒண்ணும் விசேஷம் இல்ல."

"இல்லக்கா."

"பால் குடிக்கும்போது எடுக்கக் கூடாதுன்னு உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். எனக்கு ரொம்பப் பழகின விஷயம். உனக்குச் சொல்லணும்னு தோணவே இல்ல."

திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"தாய்ப்பூனை மறுபடியும் வயித்த தள்ளிட்டு நடக்குது," என்றாள் அக்கா. "இரு, பேனா எடுத்துட்டு வரேன். எப்படி எடுக்கணும்னு முதல்லேருந்து சொல்லு. இந்தத் தடவ எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு."