பன்னக்காவின் அவன்

மாவு மூட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு பன்னக்கா சமையலறைக்குள் நுழைந்தபோது சுவரோரம் காலியாக இருந்தது. துடைத்து வைத்த காலி இல்லை. நான்கு கால்கள் நின்ற இடத்தில் நான்கு கறுப்பு வட்டம், நடுவில் பல மாதத்து மாவுத்தூசி, தொலைந்துபோனதாக நினைத்திருந்த ஒரு கரண்டி, செத்த கரப்பான் ஒன்று. பதினொரு வருடமாக அங்கே நின்ற மின்சார அவனைக் காணோம். அவள் இடுப்புயரம், மூன்று தட்டு, கதவுக் கீல் மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. அதில்தான் தினமும் நூற்றிருபது பன் வெந்து காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போகும். தெருவே அவளைப் பன்னக்கா என்று கூப்பிடுவதும் அதனால்தான்.

"என் அவன் எங்க?" என்று கத்தினாள்.

முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், "எவன்?" என்றார்.

"விளையாடாதீங்க. பன் சுடுற அவன்!"

பஸ் ஓட்டுகிறவர் அவர். முந்தின நாள் கடைசி வண்டி. ஞாயிற்றுக்கிழமை என்று பத்து மணிவரை அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறார். "கைதட்டுற சத்தம் கேட்டுச்சு. உன் தம்பி ஆளுங்க வழக்கம்போல ஏதோ பண்றாங்கன்னு திரும்பிப் படுத்துட்டேன்" என்றார். அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. நுரையைத் துடைக்காமலே பின்பக்கத்து பால்கனியைப் பார்த்தார்.

தம்பி அங்கேதான் இருந்தான். காலை மடக்கி உட்கார்ந்து, அவள் பிளாஸ்கில் போட்டு வைத்துவிட்டுப் போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

அவனை வெறுங்கை ஐயா என்றுதான் ஊரில் சொல்வார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் நல்ல வேலையில் இருந்தவன், ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பர்ஸைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான். இனிமேல் காசைத் தொடுவதில்லை, கொடுப்பதும் பெறுவதும்தான் வாழ்க்கை என்றான். அப்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பைக்கை ஒரு கூரியர்காரனுக்குக் கொடுத்தான். கைக்கடிகாரம், கட்டில், இருந்த நல்ல சட்டை எல்லாம் போயிற்று. பொய்யில்லை, அந்த ஒரு வருடம் கொடுத்ததெல்லாம் அவனுடையதுதான். தன்னுடையது தீர்ந்துபோன பிறகுதான் கூட்டமும் பேச்சும் ஆரம்பித்தன. ஒவ்வொரு வீடாக இருந்துவிட்டு, நாலு மாதத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் காசைத் தொடுவதில்லை என்பது உண்மை. காசு போட்டு வாங்கிய சோப்பு, தேநீர், போன் ரீசார்ஜ், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் தாராளமாகத் தொடுவான். அதையெல்லாம் அவள் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. கூடப் பிறந்தவன், ஒரு வாய் சோற்றுக்கா கணக்குப் பார்ப்பது என்று விட்டிருந்தாள்.

"எங்கடா என் அவன்?"

"போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்குக்கா."

"அதுக்குக் கால் முளைச்சு அதுவா போச்சா?"

"ஒரு அம்மா ரொம்பக் கஷ்டத்துல இருக்காங்க. புருஷன் பெயின்டர், சாரத்துலேர்ந்து விழுந்து படுத்த படுக்கை. அவங்களுக்கு ஒரு வாழ்வாதாரம் வேணும். நீ பதினொரு வருஷம் பொழைச்சுட்டே. பொருள் ஒரே இடத்துல நின்னா தண்ணி தேங்குன மாதிரிக்கா. ஓடணும்."

"ஓடட்டும். உன் பொருள் ஓடட்டும். இது என்னுதுடா."

அவன் சிரித்தான். "என்னுதுங்கற அந்தச் சொல்தான் எல்லா நோய்க்கும் காரணம்."

பன்னக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அந்த நெய் தன் வீட்டு நெய்யாக இருக்கும் என்று நினைத்ததில்லை. அவன் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினாள். பத்துப் பேர் சிரித்த முகத்தோடு நிற்கிற படம் அதில் இருந்தது. நடுவில் அவளுடைய அவன், அதன் மேல் ஒரு பூ. அதன் பக்கத்தில் மெலிந்த ஒருத்தி நின்றாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. படத்துக்குக் கீழே, 'அச்சகத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடி, ஒரு வீட்டில் இன்று வெளிச்சம்' என்று எழுதியிருந்தது.

வெளிச்சம் என்று எழுதியிருந்த அந்த மாடியில் பன்னக்கா போய் நின்றபோது மின்சாரமே இல்லை. நடைபாதையில் நாலைந்து பெண்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். "வந்துட்டாங்கப்பா அடுத்த தர்மப்பிரபு" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

கதவு திறந்திருந்தது. ஒரே அறை. ஒரு பக்கம் கட்டிலில் பெயின்டர் படுத்திருந்தான். தோள் அகலமான ஆள், இடுப்புக்குக் கீழே போர்வை அசையாமல் கிடந்தது. கட்டிலுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவில் அவன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிப் போக இடமில்லாமல் பெயின்டரின் மனைவி ஒரு வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தாள்.

"நான் அந்த அவனுக்குச் சொந்தக்காரி" என்றாள் பன்னக்கா. சண்டைக்கென்று படியேறும்போதே சேர்த்து வைத்த வார்த்தைகள் அதற்கு மேல் வரவில்லை.

அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு பொரிந்து தள்ளினாள்.

"உங்களுதா? அந்த ஐயாவோடதுன்னுதானே சொன்னாங்க! வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலைக்கா. பத்துப் பேர் கைதட்டுறாங்க. சிரிங்க சிரிங்கன்னு போட்டோ எடுக்கறாங்க. அவங்க போனப்பறம் சொருகிப் பார்த்தேன், படார்னு மாடி முழுக்கக் கரண்ட் போயிடுச்சு. வீட்டுக்காரர் வந்து நாளைக்குள்ள இதை எடுக்கலைன்னா உங்களையும் சேர்த்து எடுத்துடுவேன்னுட்டுப் போறார். எனக்கு ரொட்டி சுடவே தெரியாதுக்கா. நான் ஆபீஸ் தரை துடைக்கறவ."

"அப்ப எதுக்கும்மா அவன்கிட்ட அவன் கேட்டே?"

"யாரு கேட்டா?" என்றாள் அவள். "அந்தக் கூட்டத்துல எழுந்து நின்னு என்ன வேணும்னு சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். காலையில ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போனா, வர ஒன்பதரை ஆகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஏற்கெனவே ஆயிடுச்சு. நடுவுல ஒரு தடவை, ஏழரை மணிக்கு, ஒரு ஆள் வந்து திருப்பிப் போட்டுட்டுப் போனா போதும்னு கேட்டேன். பத்து நிமிஷ வேலை. அதுக்கு அந்த ஐயா, கேட்டது வரும், ஆனா வேற உருவத்துல வரும்னாரு. இந்த உருவத்துல வந்திருக்கு."

கட்டிலிலிருந்து பெயின்டர் முதல் தடவையாகப் பேசினான். "நல்லவேளை, என் மேல வைக்கல."

பன்னக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பொருளைத் திருடினான் என்ற கோபத்தோடு வந்தவள் அவள். இப்போது அது சின்னக் கோபமாகத் தெரிந்தது. கேட்டது ஒரு ஜோடிக் கை. நாள் முழுக்கச் சும்மா கிடக்கிற கை தன் வீட்டு பால்கனியில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு பத்துப் பேர் சேர்ந்து ஒரு இரும்புப் பெட்டியை மூன்று மாடி சுமந்திருக்கிறார்கள்.

"இவரை இப்பத் திருப்பணுமா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா, நேரமாச்சு."

"பிடி."

இருவருமாகத் திருப்பினார்கள். முதுகின் கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. பன்னக்கா பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததற்குப் பிறகுதான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

போன் போட்டதும் கணவர் டெப்போ நண்பர்கள் இரண்டு பேரையும் ஒரு வேனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நடைபாதைப் பெண்களும் கை கொடுத்தார்கள். தர்மப்பிரபு என்று முணுமுணுத்தவள்தான் முதல் ஆளாகக் கீழ்ப்பக்கம் பிடித்தாள். நாலு மணிக்குள் அவன் பழைய இடத்தில் நான்கு கறுப்பு வட்டத்தின் மேல் வந்து நின்றது. ஐந்தரைக்குப் பன்னக்கா முகம் கழுவி, மாவு படாத புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு நூலக மாடிக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெறுங்கை ஐயா பேசுவது அங்கேதான்.

நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி முன்னால் நின்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்: "கொடுக்கும்போது நம்ம கை மேல இல்லை. வாங்கும்போது கீழ இல்லை. இரண்டும் ஒரே கைதான்."

"டேய்" என்றாள் பன்னக்கா வாசலிலிருந்து.

நாற்பது தலையும் திரும்பின. வெறுங்கை ஐயாவை டேய் என்று கூப்பிட்டு அங்கே யாரும் கேட்டதில்லை.

"அந்த ஒரே கையைத் தூக்கிக்கிட்டு நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு அச்சகத்துக்குப் பின்னால இருக்கற வீட்டுக்குப் போ. அந்தப் பொண்ணு அவன் கேட்கல, ஆள் கேட்டா. உன் காதுல விழலையா?"

"அக்கா, உட்காரு. பேசலாம்."

"பேசத்தானே ஆறு வருஷமா பேசறே. இங்க இருக்கற எல்லாரும் கேளுங்க. நீங்க காலையில தூக்கிட்டுப் போனது இவன் பொருள் இல்லை, என் பொருள். யாருதுன்னு உங்கள்ல ஒருத்தர் கேட்டீங்களா? கொண்டு போய் இறக்கினீங்களே, அந்த வீட்டுல அதைச் சொருக இடமிருக்கான்னாவது பார்த்தீங்களா? மாடி முழுக்க இருட்டாயிடுச்சு. நீங்க வெளிச்சம்னு எழுதிப் போட்டுட்டீங்க."

முன் வரிசையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி தலையைக் குனிந்தாள். காலையில் போட்டோ எடுத்து எழுதியது அவள்தான்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கொடை இருக்குக்கா" என்றான் தம்பி. குரல் இன்னும் மெதுவாகத்தான் இருந்தது, கழுத்து மட்டும் சிவந்துவிட்டது. "என்னோடது சொல்."

"அப்ப நாளையிலேர்ந்து சொல்லையே பிசைஞ்சு சாப்பிடு!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமினார்கள். தம்பி சுற்றிப் பார்த்தான். எல்லோரும் அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். "சரி. போறேன்" என்றான்.

அவன் போகவில்லை. திங்கட்கிழமை காலை பன் தட்டுகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது பின் அறையில் பாய் சுருட்டியிருந்தது. பையும் இல்லை, ஆளும் இல்லை. போன மாதம் அவள் வாங்கிய புதுப் போர்வையையும் பெற்றுக்கொண்டு போயிருந்தான். வேறு ஊரில் ஒரு டாக்டர் வீட்டில் அவனை வரவேற்றார்கள் என்று பிறகு தெரிந்தது.

மணி ஏழு இருபது. பன்னக்கா கரண்டியை நங்கென்று மேடையில் போட்டுவிட்டு, தானே போகலாம் என்று புடவையை இழுத்துச் செருகினாள். அதற்குள் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்றார்.

"எனக்கு மத்தியானம்தான் டியூட்டி. நான் போயிட்டு வரேன். நீ மாவைப் பாரு."

"உங்களுக்கு இடுப்பு வலி."

"பஸ்ஸையே திருப்பறேன். ஒரு ஆளைத் திருப்ப முடியாதா?"

அன்றிலிருந்து அவர்தான் போனார். பத்து நிமிஷம் என்பது அரை மணியாகும். பெயின்டருக்கு எல்லாத் தெருவின் சுவர்களும் அத்துப்படி. எந்தக் கட்டடத்துக்கு எத்தனை கை பூச்சு அடித்தார்கள், எவன் தண்ணீர் கலந்து ஏமாற்றினான் என்றெல்லாம் சொல்வான். அவர் வந்து அதை மனைவிக்குச் சொல்வார். ஒரு வாரம் பன்னக்கா காய்ச்சலில் விழுந்தபோது பெயின்டரின் மனைவி ஆபீஸ் தரை துடைக்கப் போகும் முன்னால் விடிகாலை நாலு மணிக்கே வந்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு, நூற்றிருபது உருண்டை உருட்டினாள். "வேணாம்மா, நீ வேற களைச்சுப் போயிடுவே" என்று பன்னக்கா தடுத்ததற்கு அவளுக்கு வந்ததே கோபம். "எப்பப் பார்த்தாலும் வாங்கிக்கிட்டே இருக்க நான் என்ன உண்டியலா? படுங்கக்கா பேசாம!" பன்னக்கா படுத்துக்கொண்டாள். இது எந்த வகைக் கொடை, இதற்கு என்ன பேர் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஆனால் கோபம் மட்டும் பன்னக்காவுக்குத் தணியவில்லை. தம்பி பேர் காதில் விழுந்தால் மாவை இரண்டு மடங்கு பலமாக அடித்தாள். பன் நன்றாக உப்பியதாகக் கேன்டீன்காரர் சொன்னார்.

ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்காரப் பெண் வீடு தேடி வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

"ஐயா போனப்பறமும் நாங்க பதினஞ்சு பேர் கூடறோங்க. கொடுக்கறதைப் பத்தி நீங்க வந்து பேசணும்."

"எனக்குப் பேச வராதும்மா. கோபப்படத்தான் வரும்." பன்னக்கா மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள். "பேசறதுக்கு வேண்டாம். வியாழக்கிழமை எங்க வீட்டுக்காரருக்குக் காலையில டியூட்டி போட்டுட்டாங்க. ஏழரைக்கு ஒரு ஆள் வேணும். வர முடியுமா?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எட்டரைக்குத் தனக்கு ஆபீஸ் என்றாள். பழக்கமில்லாத வேலை என்றாள். படுக்கைப்புண்ணைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். பன்னக்கா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஏழு இருபத்தைந்துக்குக் கண்ணாடிக்காரப் பெண் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். பெயின்டரின் மனைவி சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். துணைக்குப் பன்னக்கா வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றாள். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அந்தப் பெண் பெயின்டரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"சட்டை நல்லாத்தாங்க இருக்கு, அதைத் திருப்ப வேண்டாம்" என்றான் பெயின்டர். "தோளுக்கடியில கையைக் கொடுங்க. அப்படித்தான். இப்ப மூணு எண்ணுங்க."

அவள் எண்ணினாள்.