முதல் வீட்டின் கதவு

இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டுத் திரும்பிய அன்று, மரமறுப்பவன் தன் கையால் கட்டிய வீடு அவனை உள்ளே விடவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள்கூட அப்போது கிடையாது. அவன் தள்ளியபோது சுவரோடு சுவராக நின்றது. பின்னால் வந்த மனைவி விரல் வைத்ததும் திறந்தது. அவள் உள்ளே போனாள். அவன் காலெடுத்து வைப்பதற்குள் சாத்திக்கொண்டது.

அந்தச் சதுப்பு நிலத்தில் முதலில் குடியேறியது அவர்கள்தான். மேட்டில் வீடு போடலாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மரத்தை அங்கே இழுத்துப்போக யாரால் முடியும் என்று சொல்லி அவன் பள்ளத்திலேயே கட்டினான். மூன்றாவது மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒன்பதே நாளில் மூத்தவனையும் சின்னவனையும் கொண்டுபோயிற்று.

மறுநாள் கோடரியால் கதவைப் பிளந்தான். விடிவதற்குள் பிளவு தழும்பில்லாமல் கூடிவிட்டது. ஜன்னலில் ஏறினான், அவன் தோளுக்கு ஒரு விரற்கடை குறைவாக அது சுருங்கிக்கொண்டது. கடைசியில் மனைவியைக் கூப்பிட்டு, நீயாவது என் கையைப் பிடித்து உள்ளே இழு என்று கெஞ்சினான். அதுவரை அவனை 'நீங்க' என்றே அழைத்தவள், உள்ளிருந்தபடி, "இடத்தைப் பாத்தது நீதானே? வெளியவே கிட," என்றாள்.

அவன் எதிரிலேயே ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான். அப்படியே பதினேழு வருடங்கள் போயின. பின்னால் வந்தவர்கள் வீடு கட்ட, அவன் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே வீதி உண்டாயிற்று. பால்காரர், வரி கேட்க வந்தவர், வழி தவறி வந்தவர் எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்தது. அவனைச் சீண்டவென்றே சிலர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். பிள்ளைகளை முழுங்கியவன் என்று, பலகை வாங்க வந்தவர்களே அவன் காதுபடப் பேசினார்கள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஈர மரத்தைக் காய்ந்த மரமென்று அவர்கள் தலையில் கட்டினான். சாயங்காலமானால் மண்ணும் மரத்தூளுமாகக் கூடை கூடையாகக் கொட்டி, சதுப்பைத் திட்டிக்கொண்டே தூர்த்தான். பதினாறாவது வருடம் சதுப்பே இல்லை. காய்ச்சலும் இல்லை. நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை. தூர்த்த இடத்தில் வீடு கட்ட மட்டும் வந்தார்கள்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம், மனைவி தலையணையை இடுக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தாள்.

"உன்னை மன்னிக்கல. அங்க தனியா இருக்க முடியல, அவ்வளவுதான்."

அவன் பலகைகளை ஒதுக்கி இடம் பண்ணினான். அன்று மாலையே பாயை எந்தப் பக்கம் போடுவது என்று சண்டை வந்தது. நாற்பத்திரண்டாவது வயதில் அவள் ஒரு பெண்ணைப் பெற்றாள்; அந்த ஊரில் இன்று அவர்கள் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் வழி வந்தவர்கள்.

காலியான வீட்டில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். மகளைப் படிவரை தூக்கிவந்து விடுவான். அவள் உள்ளே ஓடுவாள், கதவு அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொள்ளும். ஒருநாள் கொட்டுகிற மழையில் நிற்கிறானே என்று புது ஆசிரியை உள்ளே கூப்பிட்டாள். "இந்த வீட்டுக்கும் எனக்கும் ஆகாதும்மா," என்று சொல்லிவிட்டு, பள்ளி விடும்வரை குடையைப் பிடித்தபடி வீதியிலேயே நின்றான்.