பல்லுக்கும் காந்தத்துக்கும் நடுவே அரைச் சுற்று

1

மனித நாகரிகம் முழுவதும், ஓர் இரும்புப் பல்லுக்கும் ஒரு காந்தத்துக்கும் நடுவே உள்ள, நகம்கூட நுழையாத இடைவெளியில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது நான் சிந்தித்துக் கண்டதல்ல. மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில், "என்னதான்பா கோளாறு?" என்று கேட்ட மேலாளருக்கு மெக்கானிக் சொன்ன பதில். மேலாளர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலில்தான் இந்தக் கதை பிறந்தது.

2

மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'தலைமை'. சட்டைப் பையின் மேல் 'தலைமை மெக்கானிக்' என்று அவரே தைத்துக்கொண்டார். பட்டறையில் வேறு மெக்கானிக் கிடையாது.

(முதலில் வேறு மாதிரித் தொடங்கியிருந்தேன்: 'அந்த மஞ்சள் ராட்சசன் பனியில் நின்று கண்ணீர் உகுத்து—'. கசிந்தது ஹைட்ராலிக் எண்ணெய். அடித்துவிட்டேன்.)

ராட்சசனுக்கு, அதாவது பட்டறைக்கு வந்த மண் அள்ளும் இயந்திரத்துக்கு, வந்த நோய் இது: எஞ்சின் வேகம் காட்டும் முள் பேய் பிடித்ததுபோல ஆடும், எஞ்சின் விக்கும். எஞ்சினின் பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம் சுற்றுகிறது. அதன் உறையில் ஒரு துளை. துளைக்குள் திருகி நுழைத்த, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சார். அதன் மூக்கில் காந்தம். ஒவ்வொரு பல்லும் மூக்கைக் கடக்கும்போது ஒரு துடிப்பு கிளம்பிக் கம்பி வழியாகக் கணினிக்குப் போகிறது. துடிப்பு வராவிட்டால் எஞ்சின் ஓடவே இல்லை என்று கணினி முடிவுகட்டி, டீசலை நிறுத்திவிடும். ஓடிக்கொண்டிருப்பவனைப் பார்த்து நீ ஓடவில்லை என்று சொல்லும் அதிகாரிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். முள் காலையில் மட்டும்தான் ஆடியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாது. இதைத் தலைமை கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள்.

3

முறைப்படி முதலில் கம்பியை ஆட்டிப் பார்க்க வேண்டும், இணைப்பைப் பார்க்க வேண்டும், பிறகு மீட்டர் வைக்க வேண்டும். தலைமை எஞ்சினில் காது வைத்தார், கண்ணை மூடினார், "சென்சார் செத்துப்போச்சு" என்றார். பழையதைக் கழற்றிப் போட்டார்.

புதியதை மாட்டுவதற்கும் முறை உண்டு. துளைக்குள் எட்டிப் பார்த்து, நேர் எதிரே ஒரு பல் வரும்வரை சக்கரத்தைத் திருப்ப வேண்டும். பல்லில் முட்டும்வரை சென்சாரைத் திருகி, அரைச் சுற்றுப் பின்வாங்க வேண்டும். அந்த அரைச் சுற்றுதான் நாகரிகம். ஆனால் தலைமை என்று தைத்துக்கொண்டவர் துளைக்குள் எட்டிப் பார்ப்பதா? கண்ணை மூடியபடியே திருகினார். மூக்கு இரண்டு பற்களின் நடுப்பள்ளத்தில் போய் இறங்கியது. அரைச் சுற்றுப் பின்வாங்கியும் பள்ளத்துக்குள்ளேதான் இருந்தது. சாவியைத் திருப்பியதும் அடுத்த பல் வந்து மூக்கிலேயே ஒன்று விட்டது.

டக்.

இரண்டாவது சென்சாருக்கும் டக். மூன்றாவதற்கும். மூன்று முறையும் ஒரே தீர்ப்பு: மட்டமான சரக்கு.

4

பழுது அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். அதில் 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று தலைமை எழுதினார். வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டால், ஆபரேட்டர் அந்த இயந்திரத்திலிருந்து இறங்கித் தண்ணீர் லாரிக்குப் போக வேண்டும்.

அந்த ஆபரேட்டர், தலைமையின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அவர் நேர்கொண்ட பார்வையும், கடமையில் இமைக்காத கண்ணும், இயந்திரத்தைத் தாய்போல் பேணும் உள்ளமும்—

(இந்த வரைவைப் படித்த ஸ்டோர்க்கார அக்கா, "இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லையே" என்றார். அக்கா என்று பட்டறையே கூப்பிடும். தலைமையின் மனைவி அவர்தான். எனவே ஆபரேட்டருக்குச் சொந்த அக்கா. பாத்திரம் கொஞ்சம் கைமீறிப் போயிருக்கலாம்.)

"மாப்ள, தப்பா எடுத்துக்காத," என்றார் தலைமை. "சென்சார் மேல எழுதினா, ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட அதுக்குக் கை இல்ல."

"எனக்குக் கை இருக்கறதுதான் குத்தமா மாமா?" என்றார் ஆபரேட்டர்.

6

(ஐந்தாம் பகுதியில் ஆபரேட்டர் ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றினார். கதைக்குத் தொடர்பில்லை என்று எடுத்துவிட்டேன். நாய்க்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.)

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா தன் மேசைமேல் செத்த சென்சார்கள் மூன்றையும் வரிசையாகப் படுக்கவைத்தார். பக்கத்தில், தலைமை முதலில் கழற்றிப் போட்ட பழைய சென்சார். அதில் மீட்டர் வைத்துக் காட்டினார். உயிரோடுதான் இருந்தது.

"என்னங்க, இந்த மூணு பேருக்கும் ஒரே இடத்துல குத்து விழுந்திருக்கே?"

தயாரிப்பிலேயே அப்படித்தான் வருகிறது என்றார் தலைமை. அக்கா ஒரு புதிய பெட்டியைப் பிரித்தார். அதன் மூக்கு குழந்தை மூக்குபோல இருந்தது. தலைமை அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இதை வேறு யாரிடமாவது சொன்னாயா என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சொல்லல. அந்த அறிக்கையைக் கிழிங்க. என் தம்பி லாரி ஓட்ட மாட்டான்."

கிழித்தார். அக்கா டார்ச் பிடிக்க, வாழ்க்கையில் முதல்முறையாகத் துளைக்குள் எட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பிப் பல்லைக் கண்ணால் கண்டு, பழைய சென்சாரையே மாட்டினார். எஞ்சின் ஒரே சாவியில் உறுமியது. அப்போதுதான் மேலாளர் வந்து கோளாறு என்னவென்று கேட்டார். தலைமை நாகரிகத்தைப் பற்றிச் சொன்னார்.

7

இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை முள் மறுபடியும் ஆடியது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும் இதுக்கு எங்கேருந்து தெம்பு வருது?" என்றார் அக்கா. கணவரை இழுத்துக்கொண்டு போய், மதிய மணி அடிப்பதற்கு முன் எஞ்சின் அறைக் கதவைத் திறந்தார். சென்சாருக்குப் போகும் கம்பியில், அதன் இணைப்பைப் பாதி பிடுங்கியபடி, ஒரு—

ஒரு சாப்பாட்டுப் பை. சோறு சூடாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் மாட்டப்பட்டு, மதியம் எடுக்கப்படுவது.

ஆக, 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று தலைமை கண்ணை மூடிக்கொண்டு எழுதியது உண்மை. அதற்காக மூன்று சென்சார்களைக் கொன்றது அவர் என்பதும் உண்மை. புதிய அறிக்கை மாலைக்குள் போக வேண்டும். கட்டம் ஒன்றுதான்.

முடிவு ஒன்று: தலைமை தன்மேல் பழியை எழுதி, சட்டையில் தைத்ததைப் பிரிக்கிறார். (அந்தச் சட்டையை நீங்கள் பார்த்ததில்லை. அவ்வளவு கெட்டித் தையல்.) முடிவு இரண்டு: ஆபரேட்டர் தானே முன்வந்து தண்ணீர் லாரியில் ஏறுகிறார். முடிவு மூன்று: இருவரும் சேர்ந்து 'எலி' என்று எழுதுகிறார்கள், அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்.

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்களே நிரப்பிவிடுங்கள். நான் நிரப்பினால் சரியாக இருக்காது.

பை என்னுடையது.