பக்கத்துக்கு இரண்டு அங்குலம்

"தோட்டத்துக்கும் கழுத்து, கை எல்லாம் வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

தையல்காரர் காதில் வாங்கவில்லை. கடையை மூடிய பிறகும் கழுத்தைவிட்டு இறங்காத டேப்பை உருவி, வீட்டுக்குப் பின்னால் மண்ணில் குந்தியிருந்தார்.

"அந்த முனையைச் சுவரோட ஒட்டிப் பிடி. தொய்ய விடாதே."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். இந்த இடத்துல என்னதான் வரும்?"

"ரெண்டு பக்கமும் பாத்தி. நடுவுல அக்கா வண்டி போற வழி. கடைசியில எலுமிச்சை மரத்தடி."

அவருடைய அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். விழுந்ததில் கால் இரண்டும் போய், ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனித் தனியாக இருக்க முடியாது என்றதும் தம்பி வீட்டுக்கு வரச் சம்மதித்தாள், ஒரே ஒரு கண்டிஷனோடு. "யாரும் என்னைத் தள்ளக் கூடாது. என் கையால உருட்டிட்டுப் போய் அந்த மரத்தடியில உட்காரணும்."

அவளுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். உட்கார்ந்தபடியே செடியைத் தொடட்டும் என்று, சக்கர நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்குச் செங்கல் பாத்தி.

"வண்டி இருபத்தாறு அங்குலம். பக்கத்துக்கு ரெண்டு விட்டாச்சு. முப்பது."

"இன்னும் கொஞ்சம் தாராளமா விடுங்களேன்."

"விட்டா ஒரு வரிசை தக்காளி போச்சு."

ஒருவர் சட்டைக்குக் கொடுத்த துணியில் குழந்தைக்கு ஒரு கவுனும் எடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர் அவர். துணி வீணானால் அவருக்குச் சோறு இறங்காது. மண்ணையும் அப்படித்தான் வெட்டினார். கொத்தனார் வந்து சிமென்ட் பூசிவிட்டுப் போனார்.

அக்கா வந்தபோது நாற்று வேர் பிடித்திருந்தது. வந்ததும் வராததுமாகக் கொல்லைக் கதவைத் திறக்கச் சொன்னாள்.

"ரைட், போலாம்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சக்கரத்தை உந்தினாள். வண்டி வழிக்குள் நுழைந்தது. இரண்டாவது உந்தலில் நின்றது.

"என்னாச்சு அண்ணி?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வண்டியில கூட்டம் ஜாஸ்தி."

மறுபடி உந்தினாள். சக்கரம் போனது, சக்கரத்தைப் பிடித்த கை போகவில்லை. விரல் முட்டி இரண்டு பக்கமும் சிமென்ட்டில் உரசித் தோல் வழன்றது. முழங்கையை மடக்க இடமில்லை. பாதி வழியில், முன்னால் மரம் தெரிய, அப்படியே நின்றாள்.

"நான் தள்ளட்டுமாக்கா?"

"வேண்டாம்." சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "பின்னால இழுத்துடு" என்றாள்.

சமையலறையில் மனைவி அடங்கிய குரலில் கேட்டாள். "ஆளை நிக்க வச்சு அளக்காம யாருக்காவது சட்டை தைச்சிருக்கீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அக்கா தூங்கிட்டிருந்தா. வண்டி காலியா நின்னுது. அதை அளந்தேன்."

"வண்டி தானா ஓடுமா?"

கேட்டிருக்க வேண்டாமே என்று அவளுக்கே தோன்றியது. அவர் முகம் அப்படிப் போயிருந்தது.

"நாளைக்கே ஒரு பாத்தியை இடிச்சுடறேன்க்கா" என்றார், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளிடம்.

"காய்க்கப் போற செடியை ஏண்டா அழிக்கிறே? காய்ச்சு முடியட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவர் சரி என்று தலையாட்டினார். செடி பிழைத்ததே என்று ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது அந்தத் தலையாட்டலில். இடித்திருக்கலாம்.

தக்காளி காய்த்துக் கொட்டியது. அக்கா ஜன்னலோரமே இருந்தாள். கேட்டால், "மரம் இங்கேருந்தே நல்லாத்தான் தெரியுது" என்பாள். கடைசிச் செடி காய்ந்ததும் அவரே சம்மட்டி எடுத்து, ஒரு பக்கத்துப் பாத்தி முழுவதையும் இடித்தார். மண்ணை வாரி, தரையை மட்டம் செய்து, இம்முறை டேப்பைத் தொடாமல் தன் இரண்டு கையையும் விரித்து வழி பார்த்தார்.

"வாக்கா, இப்பப் போ. லாரியே போகும்."

அக்கா சக்கரத்தின் மேல் கை வைத்தாள். மூட்டுவாதத்தில் வீங்கியிருந்த விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளாகிறது. வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நீயே தள்ளுடா" என்றாள்.

அவர் தள்ளினார். கையிரண்டும் அவள் மடியில் கிடந்தன.

"வழி நல்லா அகலமா இருக்குடா தம்பி."