வெயிலுக்கு வந்த மேனுகா

மணப்பெண்ணின் கூறைச் சேலைக்குக் கொய்யக மடிப்பு வைக்கத் தரையில் குந்திய மேனுகாவால் திரும்ப எழும்ப முடியவில்லை. தொடைகளில் பெலனே இல்லை. நாரியில், இடுப்புக்குப் பின்னால், ஏதோ முறுக்கிப் பிடித்தது. முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று பெண்ணின் தாய் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். ஊசி ஒன்று விழுந்துவிட்டது என்று சொல்லி, நிலத்தைத் தடவித் தேடுவதுபோல் மேனுகா சிறிது நேரம் பாசாங்கு செய்தாள். பிறகு கதிரையின் காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது அவளுடைய மெலிந்த இடையைத்தான்.

கல்லடியில் அவள் நடத்திவந்த மணப்பெண் அலங்கார நிலையத்துக்கு மட்டக்களப்பு நகரத்திலிருந்து மட்டுமல்ல, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்பு இப்படி இல்லை. சின்ன வயதிலிருந்தே மேனுகா பருத்த உடம்புக்காரி. கலியாண வீடுகளில் அவளுக்குக் கதிரை போட்டால், அது தாங்குமா என்று கேட்டு யாராவது சிரிப்பார்கள். அழகுபடுத்த வந்தவளே இப்படி இருக்கிறாளே என்று ஒரு மாப்பிள்ளையின் தாய் அவள் காதுபடவே சொன்னாள். முப்பது வயது தாண்டியதும் நீரிழிவும் வந்து சேர்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த அவளுடைய கணவன் உதயரூபன், அவளைக் கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே இரைப்பையைச் சிறிதாக்கி, சாப்பாடு சிறுகுடலின் ஒரு பகுதியைத் தொடாமல் போகும்படி சத்திரசிகிச்சை செய்தார்கள். ஊருக்குச் சொன்னது வேறு: மேனுகா அலங்காரப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள்.

உடம்பு மளமளவென்று இறங்கியது. நீரிழிவு மருந்தைக்கூடக் குறைத்தார்கள். எப்படி மெலிந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. இரவில் சோற்றை விட்டேன், காலையில் சீரகத் தண்ணீர் குடித்தேன், மனதைக் கட்டுப்படுத்தினேன் என்று மேனுகா சொன்னாள். அந்தப் பொய்யில் உதயரூபனுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் கேட்கத்தான் புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொழும்பு வைத்தியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குடல் இனிமேல் சத்துகளை முன்போல உறிஞ்சாது, விற்றமின் குளிசையும் கல்சியமும் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும், குறித்த காலத்தில் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். தொடக்கத்தில் மேனுகா ஒழுங்காகத்தான் எடுத்தாள். ஒருநாள் கடையில் ஒருத்தி மருந்துப் போத்தலைத் தூக்கிப் பார்த்து இது எதற்கு என்று கேட்டுவிட்டாள். அன்றே போத்தல்கள் அலுமாரிக்குள் போயின. பிறகு நினைத்தால் எடுப்பது, அதற்கும் பிறகு மறந்தே போவது என்றாயிற்று. கொழும்புக்குப் போவதும் நின்றது. பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலென்றால் அவளுக்குப் பகை. முகம் வெளுக்க வைப்பதே தொழிலாக இருப்பவள் கறுத்துப்போகலாமா? கடையின் திரைச்சீலைகள் எப்போதும் மூடியே கிடந்தன. வெளியில் இறங்கினால் குடை, கையுறை.

நோவு முதலில் நாரியில் தொடங்கியது. பிறகு தொடைக்கு இறங்கியது. முச்சக்கரவண்டியில் ஏறுவதே பெரிய பாடாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வாதம் என்றார்கள். அவளுக்கு அந்தப் பெயர் வசதியாக இருந்தது, எண்ணெய் பூசிக்கொண்டாள். நோவு பொறுக்க முடியாமல் கடைசியில் அரச மருத்துவமனைக் கிளினிக்குக்குப் போனாள். முன்பு ஏதாவது ஒப்பரேசன் செய்ததா என்று வைத்தியர் ஸாலிஹா கேட்டபோது, அடுத்த வாங்குப் பலகையில் அவளிடம் அலங்காரம் செய்துகொண்ட ஒரு பெண் இருந்தாள். இல்லை என்றாள் மேனுகா. நோவுக்குக் குளிசை கொடுத்து, இரத்தம் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னார் வைத்தியர். அவள் குளிசையை மட்டும் விழுங்கினாள்.

அந்த நாட்களில்தான் நிருஷா வந்தாள். பழுகாமத்துப் பெண், முன்பள்ளி ஆசிரியை. கலியாணம் பேசி முடிந்திருந்தது. கொஞ்சம் மெலிந்தால் நல்லது என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அவள் மேனுகாவின் பழைய படத்தையும் புதிய உருவத்தையும் மாறிமாறிப் பார்த்து, வழி கேட்டாள். மேனுகா எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னாள்.

நிருஷா சொன்னதைவிடக் கூடுதலாகச் செய்தாள். இரவுச் சோற்றோடு பகல் சோற்றையும் விட்டாள். ஒரு காலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாள். மேசை விளிம்பில் அடிபட்டு நெற்றி பிளந்தது. மட்டக்களப்பு அரச மருத்துவமனைக்குக் கொண்டுவந்து தையல் போட்டார்கள்.

செய்தி கேட்டு மேனுகா பார்க்கப் போனாள். நெற்றியில் கட்டுடன் படுத்திருந்த பெண் அவளைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

“உங்களப் போல வர ஏலாமப் போச்சு அக்கா. எனக்கு மனவுறுதி காணாது.”

மேனுகா பழச்சாறு வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். படியில் இறங்கியபோது வலது காலுக்குள் ஏதோ முறிந்ததுபோல் இருந்தது. வழுக்கவுமில்லை, யாரும் இடிக்கவுமில்லை. வெறுமனே காலை ஊன்றினாள், விழுந்தாள்.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதத்தில் எலும்பு வெடித்திருந்தது. இந்த வயதில் நடந்துபோகும்போதே எலும்பு வெடிக்கக் கூடாதே என்று வைத்தியர் ஸாலிஹா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் இருந்தார்.

“மேனுகா, நான் போலீஸ் இல்ல. நீங்க மறைச்சிட்டா நான் இருட்டுல கை போட்ட மாதிரித்தான் மருந்து தரணும். என்ன நடந்த?”

வேலையிலிருந்து ஓடிவந்த உதயரூபன் கட்டில் ஓரத்தில் நின்றான். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான். மேனுகா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகையும் குறைந்தது.

இரத்தப் பரிசோதனை மிச்சத்தைச் சொன்னது. விற்றமின் டி அடிமட்டத்தில் இருந்தது. அது இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள கல்சியம் உடம்பில் சேராது, அப்போது இரத்தம் தனக்கு வேண்டிய கல்சியத்தை எலும்பிலிருந்து உருவி எடுக்கும் என்று வைத்தியர் விளக்கினார். அவள் விழுங்கிவந்த நோக்குளிசைகளைப் பற்றிக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. அந்த வகைக் குளிசை இப்படிச் சத்திரசிகிச்சை செய்த வயிற்றைப் புண்ணாக்கிவிடும், உண்மை தெரிந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன் என்றார்.

“என்ட எலும்பு திரும்ப உறுதியாகுமா டொக்டர்?”

“ஆகும். ஆனா மருந்து என்னால தர மட்டுந்தான் ஏலும், ஒவ்வொரு நாளும் எடுக்கிறது நீங்க.”

மேனுகா அன்று ஒரு உதவி கேட்டாள். சக்கர நாற்காலியில் தன்னை நிருஷாவின் வார்ட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். உதயரூபன் தள்ளிக்கொண்டு போனான்.

“உனக்கு மனவுறுதியில குறையில்ல புள்ள,” என்றாள் மேனுகா. “நான் ஒப்பரேசன் செஞ்சு மெலிஞ்சவ. உன்னிட்டப் பொய் சொல்லிட்டன்.”

நிருஷா கோபப்பட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேனுகா மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஆனால் வீட்டுக்குப் போகும் நாளன்று நிருஷாவே மேனுகாவின் கட்டிலுக்கு வந்தாள். மாப்பிள்ளையோடு தொலைபேசியில் கதைத்துவிட்டதாகவும், தான் இருக்கிற உடம்போடுதான் மணவறைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லையாம்.

மேனுகா சுகப்பட்ட கதை ஒரே நாளில் நடந்ததல்ல. கூடுதல் அளவில் விற்றமின் டி, அவளுடைய வயிற்றுக்கு ஏற்ற வகைக் கல்சியம், மற்றக் குளிசைகள் என்று எல்லாம் மறுபடி தொடங்கின. இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது என்பதால் நேரத்தைப் பிரித்து வைத்தாள். வீச்சம் பிடிக்காமல் ஒதுக்கியிருந்த சின்ன மீனையும் முட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகினாள். வெயிலிலும் தினம் சிறிது நேரம் நிற்கச் சொன்னார் வைத்தியர். உங்களுக்கு வெயில் மட்டும் போதாது, மருந்து மட்டும் போதும் என்று அறைக்குள் கிடக்கவும் கூடாது என்றார். அளவுக்கு மிஞ்சி விழுங்குவதும் ஆபத்து, அதனால் இரத்தத்தைப் பார்த்துத்தான் அளவை மாற்றுவோம் என்றும் எச்சரித்தார்.

கடைக்குத் திரும்பிய அன்றே மேனுகா திரைச்சீலைகளைக் கழற்றினாள். மருந்துப் போத்தல்களைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தாள். கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னாள். சிலர் முகம் சுளித்துப் போனார்கள். கலியாண அலங்காரத்துக்குச் சொல்லிவைத்த இரண்டொருவர் திரும்பி வரவேயில்லை. மற்றவர்கள் வந்தார்கள், அவர்களோடு புதியவர்களும் வந்தார்கள். தன் அக்காவுக்கும் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கப்போகிறது, எதையெல்லாம் கேட்டு வைக்க வேண்டும் என்று ஒரு பெண் காத்தான்குடியிலிருந்து வந்து கேட்டாள்.

காலில் கட்டு அவிழ்ந்து சில மாதங்களில் தொடைக்குப் பெலன் வந்தது. நாரி நோவு எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது, ஒருநாள் நினைத்துப் பார்த்தபோது அது இல்லை. கல்லடிப் பாலத்தில் உதயரூபனோடு நடக்கத் தொடங்கினாள். முதலில் பாதிப் பாலத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் முழுப் பாலத்தையும் கடந்து, நிற்காமல் திரும்பியும் வந்தாள். வாவிக் காற்றில் முந்தானை பறக்க, உதயரூபனை முந்திக்கொண்டு அவள் போன வேகத்தைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். அடுத்த பரிசோதனையில் விற்றமின் டி வழமையான அளவுக்கு வந்திருந்தது. அறிக்கையைப் பார்த்த வைத்தியர் ஸாலிஹா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நிருஷாவின் கலியாணம் பழுகாமத்தில் நடந்தது. முதல்நாள் பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது, அவள் வந்த வான் வண்டி வீடுவரை போகவில்லை. மேனுகா அலங்காரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, வயல் வட்டையை ஒட்டிய வரம்பால் வெயிலில் நடந்து போனாள். நிருஷாவை அலங்கரித்து முடித்தபோது பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இருந்த உடம்போடும் நெற்றித் தழும்போடும் அந்தப் பெண் அவ்வளவு வடிவாக இருந்தாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா சுலோஜனா மேனுகாவையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கறுத்துப் போனீங்க புள்ள. முந்தி என்ன நிறமா இருந்த நீங்க. என்னத்தக் குடிச்சு இப்படி மெலிஞ்ச?”

“ஒண்டும் குடிக்கல்ல பெரியம்மா. வயித்துல ஒப்பரேசன் செஞ்சது. இப்ப வாழ்நாள் பூரா மருந்து எடுக்கிறன், வெயில்ல நடக்கிறன். அதுதான் கறுப்பு,” என்றாள் மேனுகா, எல்லோருக்கும் கேட்கும்படி.

சுலோஜனாவின் முகம் வாடிப்போயிற்று. அவள் மேனுகாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“என்ட மகளும் போன வருசம் கொழும்புல செஞ்சவ. ஒருத்தருக்கும் சொல்லல்ல. இப்ப கால் நோகுதெண்டு படுத்தே கிடக்கா. வாதமெண்டு எண்ணெய் போடுறம்.”

மேனுகா அவளுடைய கையை இறுகப் பிடித்தாள். மகளுக்கு இப்போதே தொலைபேசி எடுக்கச் சொன்னாள், நாளைக்குக் கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போவதாகவும் சொன்னாள். பிறகு, அங்கே நின்ற பெண்களையும் பார்த்துச் சொன்னாள்:

“ஒப்பரேசன் செஞ்சது வெட்கமில்ல. அத மறைக்கப்போய், மருந்தையும் விட்டு, வெயிலுக்கும் ஒளிச்சி, என்ட எலும்ப நானே திண்டனே, அதுதான் வெட்கம். கத்தி வைச்சதோட வைத்தியம் முடியிறல்ல, அதுக்குப் பிறகுதான் துவங்குது. ஊர் என்ன சொல்லுமெண்டு பயந்து உடம்பப் பார்க்காம விட்டா, நோகிறது ஊருக்கில்ல, நமக்குத்தான்.”